பிக்கப்பின் முதுகில் ஒரு வீடு

வேலையை விட்டதிலிருந்து குலசிங்கத்தாருக்கு வீட்டுக் கட்டிலில் நித்திரை வருவதில்லை. கனடாவில் பிறம்ரனிலிருந்து வான்கூவருக்கும் திரும்பவும் என்று முப்பது வருசம் பெரிய ட்ரக் ஓடின மனிசன். சீற்றுக்குப் பின்னாலிருக்கிற ஒடுங்கின படுக்கையில் கிடந்து பழகின முதுகு, மோர்னிங்சைட் வீட்டு மெத்தையை லேசில் ஒத்துக்கொள்ளுமா? காலமை எழும்பினதும் வாசலில் போய் நின்று ரோட்டைப் பார்ப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது மனைவி பாலேஸ்வரியிடம் கேட்டேவிட்டார். "இஞ்சேரும், எங்கட பிக்கப்பின்ர முதுகில ஏத்தி வைக்கிற கேம்பர் ஒண்டு வாங்குவமே? குட்டி வீடு மாதிரி. நான் ஓடின இடமெல்லாம் உமக்குக் காட்டோணும். மாசக்கணக்கா ரெண்டு பேரும் சுத்துவம்."

"பாப்பம்," என்றா பாலேஸ்வரி.

கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்தப் 'பாப்பம்' ஓமா, இல்லையா என்று மனிசன் கண்டுபிடித்ததில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மனதுக்குள் முடிவெடுத்திருந்தார். அவ வராவிட்டால் தானும் போவதில்லை. தனிய ஓடினது போதும் என்று இருந்தது அவருக்கு.

கேம்பர் பார்க்கக் கிளிபோட் என்ற சிநேகிதரும் கூடவே திரிந்தார். ஒரே கொம்பனியில் ஓடின பழைய கூட்டாளி. கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் பெரிசைத்தான் அவர் காட்டுவார். "மச்சான், இதைப் பார். நிப்பாட்டினதும் சுவரை வெளியில தள்ளி இடத்தைப் பெருப்பிக்கலாம். உள்ளுக்க டான்ஸ் ஆடலாம்!"

குலசிங்கத்தார் பிக்கப்பின் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்தார். "இந்த வாகனம் எவ்வளவு சுமக்குமெண்டு இதில கிடக்கு. வெறும் கேம்பரோடயே அந்தக் கணக்கு முடிஞ்சிடும். பிறகு தண்ணி, காஸ், உடுப்பு, பாலேஸ்வரியின்ர அரிசிச் சாக்கு எல்லாத்தையும் உன்ர தலையிலயோ வைக்கிறது?" அதற்குப் பிறகு கிளிபோட்டும் சின்னதுகளைக் காட்டத் தொடங்கினார்.

கடைசியில் போமன்வில்லில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வைத்திருந்த சின்னக் கேம்பர் பிடித்துக்கொண்டது. உள்ளே ஏறி, மூலை மூலையாய்ப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். கூரையால் தண்ணி இறங்கியிருந்தால் பலகை மெத்தென்று அமுங்கும். இது அமுங்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வசந்தகாலம் முழுக்க மனிசன் அதுக்குள்ளேதான். கூரையில் சோலார் பூட்டினார், புது பற்றரி வைத்தார், ஹீற்றரைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு ஆணியோடும் பழைய காலம் திரும்பி வந்தது. அந்த நாளில் வாவா என்ற ஊரில் பனி கொட்டி ரோட்டு மூடினால், ட்ரக் படுக்கையில் சாய்ந்துகொண்டு வீட்டுக்கு ஃபோன் எடுப்பார். "சாப்பிட்டாச்சோ?" என்பா பாலேஸ்வரி. பின்னால் தாச்சியில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்கும். பிள்ளையின் காய்ச்சல், பனி வழித்த கதை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அந்த ஃபோனுக்குள்ளால்தான் வரும். ஐயோ, அந்தக் குரலுக்காக எத்தனை மைல் ஓடியிருப்பார்! தனிமைதான், குளிர்தான், ஆனாலும் இப்ப நினைக்க நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது.

எல்லாம் முடிந்து அவவைக் கூட்டிவந்து காட்டினார். பாலேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தா. அவர் உடுக்கிற சாரம் கொழுவ, அவவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொழுக்கி. மேசையோடு ஒரேயொரு மடக்குக் கதிரை. குறுக்காய்ப் போட்ட படுக்கை. சுவர்ப் பக்கம் படுக்கிற ஆள் இறங்குவதென்றால் மற்ற ஆளுக்கு மேலால் ஏறித்தான் இறங்க வேண்டும். தலைமாட்டில் ஃபோன் வைக்க வடிவான ஒரு தட்டு.

"வடிவாய்த்தான் செய்திருக்கிறியள்," என்றா.

"அப்ப வாறீரோ?"

"ஃபோனுக்கு இடம் வச்சிருக்கிறியள். எனக்கு எங்கயப்பா இடம்?"

கோபமாய்ச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. அவ இறங்கி வீட்டுக்குள்ளே போய்விட்டா. குலசிங்கத்தார் சுற்றிவரப் பார்த்தார். அட கடவுளே! தான் கட்டினது கேம்பரே இல்லை, பழைய ட்ரக்கின் படுக்கைதான் என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கமாயும் இருந்தது, அழுகையும் வந்தது.

அடுத்தநாள் ஸ்க்ரூட்ரைவரோடு போய், அவ சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்றார். "வந்து சொல்லும். நீர் சொல்லுற மாதிரிச் செய்வம்."

அவ வந்தா. படுக்கையை நீட்டுப்பக்கமாய்த் திருப்பச் சொன்னா. அதுக்காக அவருடைய அலுமாரி ஒன்று போனது. கொழுக்கி அவவின் கைக்கெட்டக் கீழே இறங்கியது. "மீன் பொரிச்சா இந்த மெத்தையெல்லாம் மணக்கும். வீட்டில கராஜுக்கதானே பொரிக்கிறனான்? அடுப்பு வெளியில வரட்டும்," என்றா. பின்பக்கம் இழுப்புப் பலகை ஒன்று பூட்டி, அதில் அடுப்பை வைத்தார். நிறை கூடிவிட்டது. தான் ஆசையாய் வாங்கின ஜெனரேற்றரைத் தூக்கிக் கிளிபோட்டிடம் கொடுத்தார். அதைக் கிளிபோட்டின் வாகனத்தில் ஏற்றும்போது பாலேஸ்வரி கேம்பருக்குள்ளே தன் சேலைப் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தா. வாறன் என்று வாயால் சொல்லவேயில்லை.

யூலையில் வெளிக்கிட்டார்கள். வழியில் சூ செயின்ற் மேரி என்ற ஊரில் பெற்றோல் அடித்துவிட்டு வந்தால், பாலேஸ்வரி ஸ்ரியறிங்கில் இருக்கிறா.

"பாரம் இருக்கு. காத்து இழுக்கும். உமக்கு ஏலாது."

"நீங்கள் ரோட்டில நிண்ட காலமெல்லாம் பனிக்குள்ள பிள்ளையளை ஏத்தி இறக்கினது ஆர்? பேசாமல் ஏறுங்கோ!"

ஏறினார். பக்கத்துச் சீற்றில் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இல்லாத பிரேக்கைக் காலால் உழக்கிக்கொண்டிருந்தார். ஒரு மலை வளைவு திரும்பியது. இடது பக்கம் முழுக்க ஏரித் தண்ணி. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு நீலம், வெயிலில் மினுங்கிக்கொண்டு.

"இஞ்சேரும்," என்றார், "இது எப்பவும் இப்பிடியே கிடந்தது?"

பாலேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தா. "முப்பது வருசம் இதால போய்வந்த மனிசன் என்னட்டக் கேக்கிற கேள்வியே இது?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "எப்ப வீட்ட போவம், எப்ப வீட்ட போவமெண்டு ரோட்டை மட்டும்தானப்பா பாத்தனான்."

அவர் ஆறுதலாய்ப் பார்க்கட்டும் என்று அவ வேகத்தைக் குறைத்தா.