தண்ணீர் இறங்காத தொண்டை

வலி வந்தபோது நான் மாம்பழ லாரிக்கும் தொழிற்சாலை மேடைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த ட்ரேயை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத்தான் கீழே விழுந்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. தேள் கொட்டிவிட்டது என்று நினைத்துக் கூட்டாளிகள் என் கால்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் காலியான லாரியிலேயே ஏற்றித் திருப்பதிக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா தெலுங்குக்காரர். எனக்காகத் தெலுங்கு கலந்த தமிழில் பேசினார்.

"மிளகு அளவுல ஒரு ராயி, கல்லு இருக்கு. கிட்னியிலேர்ந்து இறங்கிக் குழாய்ல நிக்குது. ரோஜு, தினமும் மூணு லிட்டர் தண்ணி தாகினா தானா வந்துடும். சீசன் முடிஞ்சதும் வா, மறுபடி பார்க்கலாம். அப்பவும் நின்னா ஆபரேஷன். அதுக்கப்புறம் கொஞ்ச காலம் பாரம் தூக்கக் கூடாது. நடுவுல ஜுரம் வந்தா உடனே ஓடி வந்துடணும்."

ஆபரேஷனைவிட அந்தக் 'கொஞ்ச காலம்'தான் என்னைப் பயமுறுத்தியது. சித்தூர்ப் பக்கத்து மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளில் லாரி இறக்கும் ஹமாலி வேலை எனக்கு. எங்கள் கும்பல் மாம்பழம் முடிந்ததும் ராமகுப்பம் பக்கம் தக்காளிக்குப் போகும். தூக்க முடியாதவன் இடத்தில் மறுநாளே இன்னொருவன் நிற்பான். யார் மீதும் குற்றமில்லை, நானும் அப்படி ஒருவன் இடத்தில்தான் வந்து நின்றேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவனுக்குக் கைமாற்றிக்கொள்ள வேறு தொழிலும் கிடையாது.

"மூணு லிட்டர் என்ன பெரிய விஷயம்?" என்று யாரும் கேட்கலாம். எனக்குப் பெரிய விஷயம்தான். வெறும் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது. இரண்டு மடக்குக்கு மேல் போனால் குமட்டும். இது பிறவியில் வந்ததல்ல. நான் சுற்றிய ஊர்களின் தண்ணீர் செய்த வேலை. சாந்திபுரத்தில் கல் குவாரியில் இருந்தபோது டேங்கர் தண்ணீரில் டீசல் வாடை அடிக்கும். நகரியில் விசைத்தறிக் கொட்டகையில் எடுபிடியாக இருந்தபோது தொட்டித் தண்ணீரில் பஞ்சு மிதக்கும். திருப்பதியில் ஓட்டலில் தட்டுக் கழுவிய காலத்தில் நாள் முழுவதும் கை தண்ணீரில் இருந்ததால் வாய் அதைக் கேட்கவே இல்லை. இந்தத் தொழிற்சாலையில் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. கேன் தண்ணீரோ வெயிலில் நின்று நின்று பிளாஸ்டிக் காய்ச்சிய ருசிக்கு வந்துவிடும். ஆகவே நான் டீயில் வாழ்ந்தேன். காலையில் டீ, மத்தியானம் டீ, நடுவில் ஒரு டீ.

இன்னொரு காரணமும் இருந்தது. லாரியிலிருந்து மேடை வரைக்கும் நாங்கள் வரிசையாக நின்று ட்ரேக்களைக் கைக்குக் கை மாற்றுவோம். ஒருவன் நகர்ந்தால் அவனுக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் எட்டி எட்டி வாங்க வேண்டும். அதனால் கும்பலில் ஒரு சட்டம்: நடுவில் லைனை விட்டுப் போகிறவன் அத்தனை பேருக்கும் டீ வாங்க வேண்டும். கழிப்பறை எடைமேடைக்கு அந்தப் பக்கம், கோடியில். யாராவது போவானா? காலையில் லைனில் நின்றால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஒருவரும் தண்ணீரைத் தொட மாட்டார்கள். அதை வீரம் என்றே வைத்திருந்தோம். டாக்டரம்மா, "ஏன் அடக்கி வச்சே?" என்று கேட்டபோது இந்தச் சட்டத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"தண்ணியேதான் தாகணும்னு இல்லையே," என்றார் பிறகு. "மோர், பார்லி, எலுமிச்சை, எது இறங்குதோ அது. சர்க்கரை, உப்பு கம்மி. கலர் கூடாது, டீயக் குறை."

எது இறங்குதோ அது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன்.

முதலில் கைக்கு எட்டியதையே பிடித்தேன். நசுங்கிய தோத்தாபுரி மாம்பழத்தை எங்களை எடுத்துக்கொள்ள விடுவார்கள். அதை வாளியில் பிசைந்து, தண்ணீர் விட்டு, பழத்தண்ணீர் என்று குடித்தேன். ருசிக்குக் குறையில்லை. ஆனால் வாயெல்லாம் பசை, குடிக்கக் குடிக்கத் தாகம், அடுத்த நாள் வயிற்றால் போனது. தொழிற்சாலை வாசலில் மெஸ் நடத்தும் அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே பார்த்தாள். நகரியில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள், வாய் ஓயாது.

"இன்னாபா, சோறு துன்னாம எழுந்துகினே போற?"

"கல்லு கரையணும்னு மாங்காத் தண்ணி குடிச்சேன் அக்கா."

"கல்லு எங்க கரையும்? இப்டியே போனா நீதான் கரைஞ்சு பூடுவ."

லாரி டிரைவர் ஒருவர் சோடா சொன்னார். கேஸ் அடிக்கிற அடியில் கல் உடைந்துவிடுமாம். அவருடைய மச்சானுக்கு உடைந்ததாம். குடித்தேன். ஏப்பம்தான் வந்தது. அதோடு சோடாவை விட்டேன்.

பிறகு அக்காவின் மோரைப் பிடித்தேன். உப்பும் பச்சை மிளகாயும் தாராளமாக விழுகிற மோர். உப்பு கம்மி என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து, "அக்கா, எனக்கு மட்டும் உப்பு போடாதே," என்றேன்.

கரண்டியோடு திரும்பினாள். "உப்பில்லாத மோரு சாவு வூட்ல கூட குட்க்க மாட்டாங்கபா."

"சாவு வூடு ஆவக்கூடாதுன்னுதான் கேக்கிறேன்."

முனகிக்கொண்டே இஞ்சியைத் தட்டிப் போட்டாள், கொத்தமல்லியையும் கறிவேப்பிலையையும் கசக்கிப் போட்டாள், தண்ணீரை இன்னும் ஊற்றிக் கடைந்தாள். உப்பு இல்லை என்று நாக்கு கண்டுபிடிப்பதற்குள் சொம்பு காலி. குமட்டவில்லை. நான் குடித்து முடித்த பிறகு அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "பரவால்ல, மோருமாரிதான் கீது," என்றாள்.

ஆனால் மூன்று லிட்டரும் மோராகக் குடிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போய் பார்லி வாங்கினேன். மலைக்குப் போகும் சாலையோரம் கட்டுக் கட்டாக நன்னாரி வேர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள், அதிலும் ஒரு கட்டு. சர்பத்துக்கா என்று கேட்ட விற்பவரிடம் சர்க்கரை இல்லாமல் குடிக்க என்றேன். "அது மருந்தாச்சே," என்று முகத்தைச் சுளித்தார்.

பார்லியை அக்காவின் அடுப்பில் நானே வேகவைத்தேன். அரிசி அளவுக்குப் போட்டேன். ஆறியதும் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. அக்கா இரண்டு விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தாள்.

"எங்க நைனா இருந்தா இத்தப் பாவுக்குப் போட்ருப்பாரு. நூலு நல்லா விறைப்பா நின்னுக்கும்."

அவள் சொன்னது சரி, அது தறி நூலுக்குப் போடும் கஞ்சிதான். மறுநாள் ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துப் பெரிய குண்டானில் போட்டுக் கொதிக்கவைத்தேன். மேலே தெளிந்ததை இறுத்து, ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்தேன். லேசான ஒரு கனம், லேசான புளிப்பு. தொண்டைக்குத் தண்ணீர் என்று தெரியாமல் தண்ணீர் உள்ளே போனது. நன்னாரி வேரைத் தட்டிக் கேன் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் பிளாஸ்டிக் வாடை ஓடிப்போய் மண்ணும் பூவும் கலந்த ஒரு வாசம் வரும். சாயங்காலத்துக்குச் சீரகத் தண்ணீர், இளஞ்சூட்டில். திருப்பதிக்குப் போகும் நாளில் ஓர் இளநீர். இப்படியாக மூன்று லிட்டர் நிறைந்தது. வெறும் தண்ணீர் ஒரு மடக்கும் அதில் இல்லை.

உள்ளே போனது வெளியே வர வேண்டுமே. அங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது.

முதல் நாள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மூன்று முறை லைனை விட்டேன். முதல் முறை கும்பல் கைதட்டியது. இரண்டாம் முறை விசில். மூன்றாம் முறை எனக்குப் பக்கத்தில் நின்ற நகரிக்காரன், "அண்ணாத்த, மல்லியா, மறுபடியுமா? உன்ன அங்கேயே லைன்ல நிக்க வச்சிடலாமா, ட்ரேவ அங்க அனுப்பறோம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீயும் குடித்தார்கள், என் கணக்கில். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் போகிற போக்கில் என் கூலி முழுவதும் டீக்கடைக்கே போய்விடும் என்று தெரிந்தது. குடிப்பதை நிறுத்தினால் கல். குடித்தால் டீ.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் கும்பலின் மேஸ்திரியிடம் போனேன். வாக்கில் சுத்தமானவர், சட்டம் என்றால் சட்டம்.

"மேஸ்திரி, லைனை விட்டவன் குடிக்க வாங்கித் தரணும். அவ்வளவுதானே?"

"ஆமா. டீ."

"இந்த வெயில்ல டீயே எதுக்கு? நான் குடிக்கிறதையே எல்லாருக்கும் தர்றேன். பிடிக்கலேன்னா பழையபடி டீ."

அவர் கும்பலைப் பார்த்தார். கும்பல் கூச்சல் போட்டது. "நோயாளித் தண்ணி எங்களுக்கு எதுக்கு?" "ஆஸ்பத்திரிக் கஞ்சி ஒத்து, வேணாம்!" ஆனால் அன்று வெயில் லாரித் தார்ப்பாயைத் தொட முடியாத வெயில். அக்காவின் பெரிய குண்டானில் எலுமிச்சை பிழிந்த பார்லித் தண்ணீரை, ஈரத் துணி சுற்றி, நிழலில் வைத்தேன். நகரிக்காரன்தான் முதலில் குடித்தான், கேலி செய்வதற்காக. குடித்துவிட்டு டம்ளரைத் திரும்ப நீட்டினான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மத்தியானத்துக்குள் குண்டான் காலி. அடுத்த நாள் இரண்டு குண்டான், ஒன்றில் மோர். அக்காவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "டேய், இங்க வாங்கடா, உப்பில்லா மோரு!" என்று அவளே கூவினாள்.

நான் எதிர்பார்க்காதது அதற்கடுத்த நாள் நடந்தது. லாரி பாதி இறங்கியிருக்கும்போது நகரிக்காரன் நெளிந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் இருந்தவனும் நெளிந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே ஓட்டமாக எடைமேடைப் பக்கம் ஓடினார்கள். பின்னாலேயே இன்னும் நால்வர். நான் மட்டும் ட்ரேயோடு நின்றேன். மேடையில் இருந்த மேஸ்திரி, "ஏமிரா இது, லைன் எங்கடா?" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார். வந்தவரும் கழிப்பறைப் பக்கமே நடையை எட்டிப் போட்டார். அவரும் இரண்டு டம்ளர் குடித்திருந்தார்.

அன்று யார் யாருக்கு டீ வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் மேஸ்திரி புதுச் சட்டம் போட்டார். ஒரு லாரி இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து போகலாம், குடிக்கலாம், வந்து அடுத்த லாரியைத் தொடலாம். யாரும் யாருக்கும் எதுவும் வாங்க வேண்டாம். நடுவில் லைன் உடையாததால் வேலை முந்திய சில நாட்களைவிடச் சீக்கிரம் முடிந்தது. டீக்கடைக்காரர் மட்டும் என்னிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு அவ்வப்போது இடுப்பில் வலி வந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வலி சற்றுக் கீழே நகர்ந்திருக்கும். அது நல்ல செய்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு சொம்பு குடித்தேன். கல் வந்தால் எடுத்து வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் புதிதாக ஒரு டீ வடிகட்டி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு தினமும் கழிப்பறையில் நிற்பது எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒருநாள் லாரி முடிந்து எல்லோரும் போனபோது, நெருப்புக் கம்பி ஒன்று உள்ளே இழுபட்டது போல இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் வடிகட்டியில் டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். ஒரு லாரி மாம்பழத்தை ஒரே மூச்சில் இறக்கி வைத்தது போல உடம்பு லேசாகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு, "வந்துடுச்சு!" என்று கத்தினேன். வாசலில் நின்ற கும்பல் விசில் அடித்து, என்னைத் தூக்கியே விட்டது. பாரம் தூக்குகிறவர்கள் என்னைப் பாரமாகத் தூக்கியது அன்று ஒருநாள்தான்.

நான் காகிதத்தில் வைத்துக் காட்டிய அந்தப் பழுப்புத் துணுக்கை அக்கா குனிந்து பார்த்தாள்.

"இத்துக்கா இவ்ளோ அலம்பல் பண்ண? கம்புல கீற கல்லுகூட இத்தவிடப் பெருசா இருக்கும்." பிறகு நிமிர்ந்தாள். "எத்துல புடிச்ச?"

"டீ வடிகட்டியில."

"அய்யோ, என்துலயா?"

"புதுசு வாங்கினேன் அக்கா, என்னது."

"எனுக்கு நம்பிக்க இல்லபா," என்று தன் வடிகட்டியை எடுத்துத் தெருவில் எறிந்தாள்.

சீசன் முடிந்து திருப்பதியில் ஸ்கேன். டாக்டரம்மா கல்லை வாங்கி வைத்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒன்றும் இல்லை என்பதுதான் அங்கே தெரிய வேண்டியது. எதைக் குடித்தாய் என்று கேட்டார். மோர், பார்லி, நன்னாரி, சீரகம் என்று வரிசையாகச் சொன்னேன். எது வேலை செய்தது என்று நான் கேட்டதற்கு, "எல்லாத்துலயும் இருந்த நீள்ளு," என்றார் சிரித்துக்கொண்டே. இருக்கலாம். ஆனால் அந்த நீள்ளு, வெறும் தண்ணீராகத் தனியாக வந்திருந்தால் என் தொண்டைக்குள் நுழைந்திருக்காது.

"பாரம் தூக்கலாமா?"

"தாராளமா. தாகுறத மட்டும் விடாதே."

கும்பல் இரண்டு நாள் முன்னாலேயே ராமகுப்பம் போயிருந்தது. பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது தக்காளி லாரிக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நகரிக்காரனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடைவெளி விட்டிருந்தார்கள். பையைத் தரையில் போட்டுவிட்டு அங்கே போய் நின்றேன். முதல் ட்ரே கைக்கு வந்தது. நல்ல கனம். வாங்கி, அடுத்தவனிடம் கொடுத்தேன்.