நேற்று மாலை வரை உள்ள பயணிகள்

எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை பேக்கப் எடுக்கிறவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கம்பியூட்டர்த் தொழிலில் கிடந்து மாரடித்த உங்களுக்கு இது தெரியாததல்ல. தொண்ணூறுகளில் நான் பலேர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் ரிக்கெற் விற்கும் சின்னக் கடையொன்றில் அந்த வேலை பார்த்தேன்.

கடற்கரைப் பை

கடை பூட்டுமுன் பயணிகளின் பதிவுகள் முழுவதையும் சேர்வரிலிருந்து ஒரு கசெட்டில் பிரதியெடுப்பேன். நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் போகிற அத்தனை சனமும் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு நாளும் எனக்கு அது அதிசயம்தான்.

கடை எரிந்தாலும் கசெட் தப்பவேண்டுமென்று முதலாளியம்மா (எங்களுக்கு அவர் சிஞ்ஞோரா) அதை மொண்டெல்லோக் கடற்கரையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் திருப்பிக் கொண்டுவருவார். கோடையில் அது அவருடைய கடற்கரைப் பைக்குள், துவாய்க்கும் நனைந்த நீச்சல் உடுப்புக்கும் நடுவில் கிடக்கும். தண்ணீர் பட்டால் எல்லாம் போச்சு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"கப்பலிலை போற சனம்தானே, கொஞ்சம் தண்ணி பட்டால் என்ன?"

சேர்வர் படுத்த நாள்

ஆகஸ்ட் விடுமுறைக்கு முதல்நாள் மத்தியானம் பழைய சேர்வர் படுத்துவிட்டது. இரவுக் கப்பலுக்குச் சனம் வாசலில் நிற்கிறது. பக்கத்தில் புதுச் சேர்வர், வெறும் பெட்டியாக. சிஞ்ஞோரா பையைக் கவிழ்க்க, மணலோடு கசெட் விழுந்தது. ஊதித் துடைத்துப் புதுச் சேர்வரில் போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. செத்த பெட்டிக்குள் கிடந்த சனம் முழுக்க இந்தப் பெட்டிக்குள் எழும்பி வந்ததைப் பார்க்க எனக்கு மெய்சிலிர்த்தது.

"பாத்தியா, கடல் தண்ணி ஒண்டும் செய்யேல்லை!"

காலையில் பதிந்தவர்கள்

கசெட்டில் இருந்தது முதல்நாள் மாலை வரைதான். அன்று காலை பதிந்த ஒருவரும் அதில் இல்லை. கவுண்டரில் பதிந்தவர்களின் கையில் ரிக்கெற் இருந்தது. பார்த்துத் திரும்ப ஏற்றினேன். நாப்போலிக்குப் போக வந்து நின்ற மேரி அக்காவிடம் ஒன்றுமில்லை; காலையில் ரெலிபோனில்தான் இடம் சொன்னவர். பலேர்மோவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனம் எனக்கு ரெலிபோன் எடுத்து, "தம்பி, ஒரு இடம் போட்டுவிடு" என்பதோடு சரி. ரிக்கெற்றைக் கப்பல் ஏறும்போதுதான் வாங்குவார்கள்.

இலங்கையில், மன்னாரிலிருந்து முதன்முதலாக வரும் அக்காவின் புருஷன், ஆள் தெரியாத நாப்போலியில் விடியத் துறைமுகத்தில் நிற்பார். மிஞ்சியிருந்தது ஒரேயொரு இடம். அதற்கு இன்னொருவர் காசை நீட்டிக்கொண்டு நின்றார். "உன்ரை ஆள் எண்டு சொல்லுறாய்" என்று சிஞ்ஞோரா என்னை நம்பவில்லை. மேரி அக்கா பையை நெஞ்சோடு அணைத்தபடி அழத் தொடங்கினார். அப்போது வரிசையில் நின்ற, அரைக்கால்சட்டை போட்ட பலேர்மோக் கிழவர் ஒருவர் கவுண்டரில் ஓங்கி அடித்தார்.

"காலமை இவன் என்னை நிக்க வைச்சிட்டு, ரெலிபோனிலை தன்ரை பாஷையிலை ஒரு பொம்பிளையோடை கதைச்சவன். 'நாப்போலி, மேரி' எண்டது என்ரை ரெண்டு காதிலையும் விழுந்தது. அவவுக்கு இடம் இல்லையெண்டால் நான் ஏன் காத்து நிண்டனான்?"

சிஞ்ஞோரா மேரி அக்காவின் ரிக்கெற்றை அடித்துக் கொடுத்தார். கவுண்டரில் காக்க வைக்கப்பட்ட ஒரு பலேர்மோக்காரரின் எரிச்சலைவிட நம்பகமான பேக்கப்பை நான் இன்றுவரை கண்டதில்லை.