விட்டுப் படித்த வரி

ரங்கூன் இன்சீன் பஜாரில் தோசைக்கடை போட்டிருக்கும் தங்கமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். மாவு புளித்துவிட்டது என்று முகம் சுளிப்பவனைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் மாற்றி மாற்றித் திட்டுவாள். திட்டி முடிப்பதற்குள் அவன் இரண்டாவது தோசை கேட்டிருப்பான். புருஷன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் தின்கன்ஜூனில் டீச்சர். ஐம்பத்தாறு வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள் அக்கம்பக்கத்தார். ஆனால் தண்ணீர்ச் சத்தம் மட்டும் அவளுக்கு ஆகாது. மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் வாளிக்குள் பழந்துணியைப் போட்டுவிட்டுத்தான் படுப்பாள். ஏன் என்று புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

நாம் சொல்லிவிடுவோம். அவளுக்கு ராஜரத்தினம் என்று ஒரு அண்ணன் இருந்தான். வீட்டில் ராசு. மேல்பர்மாவில் தனௌங்கோன் என்ற ஊரில், கரிச் சுரங்கத்தில் வேலை. தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத வராது. படித்ததெல்லாம் பர்மியப் பள்ளி. அம்மாவுக்கோ பர்மிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அந்தக் காலத்தில் ரங்கூனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே கதைதான். அண்ணன் பர்மிய மொழியில் எழுதுவான், தங்கமணி அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள். அம்மா சொல்லும் பதிலை பர்மிய மொழியில் எழுதி அனுப்புவாள். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்தது அவள் வாய் ஒன்றுதான்.

1985 ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. "குழிக்குள் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா வரச் சொன்னால் உடனே வந்துவிடுகிறேன். கேட்டு எழுது." தங்கமணிக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சுரங்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் இருக்கிறான் என்பதுதான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவைத்திருந்த பெருமை. அவன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால் கல்யாணம் தள்ளிப்போகும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது பெரிய விஷயம். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பதிலில், அம்மா சொல்லாததை அம்மா சொன்னதாக எழுதினாள்: "தை வரைக்கும் இருக்கச் சொல்கிறார்."

கடிதம் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் குழிக்குள் தண்ணீர் புகுந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. கல்யாணம் எப்படியும் ஒரு வருஷம் தள்ளித்தான் போயிற்று.

அதன் பிறகு அம்மா முப்பத்திரண்டு வருஷம் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஏண்டி, பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதலையா அவன்?" ஒவ்வொரு தடவையும் "இல்லம்மா" என்றே தங்கமணி சொன்னாள். அம்மா படுத்த படுக்கையானதும் மனசு தாங்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "சரி, அவன வரச் சொல்லு" என்றாள். மறுநாள் போய்விட்டாள்.

செத்தவனை எப்படி வரச் சொல்வது? பயத்திலேயே தங்கமணி இரண்டு வருஷத்தை ஓட்டினாள். 2019 மார்கழியில், பகான் கோயில்களைப் பார்க்கப் போவதாக மகளிடம் புளுகிவிட்டுத் தனௌங்கோனுக்குப் பஸ் ஏறினாள்.

அந்தப் பக்கமெல்லாம் பாலைவனம். பாலைவனம் என்றதும் ஒட்டகத்தைத் தேட வேண்டாம். தனௌங்கோனில் இருப்பது வெள்ளைப் புழுதி, முள்மரம், பனை, அவ்வளவுதான். இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பத்துப் பதினைந்து கடைகள். சற்றுத் தள்ளி ஒரு கரித்தூள் மேடு. முப்பது வருஷமாகியும் அதில் ஒரு புல் முளைக்கவில்லை. அதன் அடியில் சுரங்கத்தாரின் குடியிருப்பு கதவுகள் இல்லாமல் நின்றது. விறகுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். காலை ஒன்பது மணி வெயிலில் அந்த வரிசையைக் கடந்தபோது தனக்குப் பின்னால் யாரோ நடந்து வருவதுபோல் இருந்தது. தங்கமணி நின்றாள், அதுவும் நின்றது. இன்சீன் பஜாரையே அதட்டி வைத்திருக்கும் பெண், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் நாற்சந்தி டீக்கடைக்குள் ஓடினாள்.

கடைக்கார அம்மாள் மியசெயினுக்கு எழுபது வயதிருக்கும். பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான்.

"அக்கா, இங்க சுரங்கத்துல ஒரு இந்தியக்காரர் செத்துப்போனாரே..."

"ஆகோஜீயத் தேடியா வந்த?" என்று அந்த அம்மாள் உடனே எழுந்துவிட்டாள். ஆகோஜீ என்றால் பெரியண்ணன். "வா, வா."

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன மரக்கூடு. அதற்குள் சிவப்புத் துணி கட்டிய ஒரு பொம்மை, தலையில் ரோஜா நிறத் தலைப்பாகை, எதிரே தேங்காயும் வாழைப்பழமும். பர்மியர் கும்பிடும் நாட் என்ற காவல் தெய்வம் அது. அகாலமாய்ச் செத்தவர்கள்தான் பெரும்பாலும் நாட் ஆவார்கள். பொம்மைக்கு முறுக்கு மீசை வேறு வரைந்திருந்தார்கள். அண்ணனுக்கு மீசை ஒழுங்காக முளைத்ததே இல்லை. தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது.

"நாலு பேர மேல ஏத்திவிட்டுட்டு அவர் உள்ளயே நின்னுட்டார்," என்றாள் மியசெயின். "அந்த நாலு பேரும்தான் இதக் கட்டினாங்க. இந்தச் சாலையில போற பிள்ளைங்களையெல்லாம் அவர்தான் பாத்துக்கறார். பயமா இருந்தாலும் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. அந்தக் கடுதாசிய என் கடையில உக்காந்துதான் படிச்சார், மூணு தடவை. 'அம்மா இருக்கச் சொல்லிட்டாங்க'ன்னு சிரிச்சார். இதோ பாரு."

பொம்மையின் காலடியில், கண்ணாடிச் சட்டத்துக்குள், மஞ்சளேறிப்போன ஒரு தாள் இருந்தது. உருண்டை உருண்டையான அவளுடைய கையெழுத்து. மூலையெல்லாம் தங்கரேக்கு ஒட்டிக் கும்பிட்டிருந்தார்கள்.

தங்கமணி சட்டத்தைத் தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தான் சொன்ன பொய்யை ஒரு ஊரே பூப்போட்டுக் கும்பிடுகிறது.

மியசெயின் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "வருஷா வருஷம் திருவிழாவுல சாமியாடறவ மேல இறங்குவார். இறங்கினதும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பார்: 'அம்மா வரச் சொல்லிட்டாங்களா? நான் போகலாமா?' நாங்க எல்லாரும் ஒரே குரலாச் சொல்லுவோம்: 'இல்ல, தை வரைக்கும் இரு!' உடனே அடங்கிடுவார். பாவம், நல்ல பிள்ளை."

தங்கமணி புழுதியில் அப்படியே உட்கார்ந்தாள். முப்பத்து நாலு வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். முப்பத்து நாலு வருஷமாக அவள் எழுதிய பதிலையே அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொம்மையைப் பார்த்துத் தமிழில் பேசினாள். அந்த ஊரில் அவனுக்குப் பிறகு தமிழே கேட்டிருக்காது.

"அண்ணா, நான் தங்கம். அம்மா அப்படிச் சொல்லவே இல்லண்ணா. நாந்தான் எழுதினேன். நீ கேட்டதயே அம்மாகிட்டச் சொல்லல. இப்ப சொல்லிட்டேன். அம்மா வரச் சொல்லிட்டாங்க. கெளம்பி வாண்ணா."

காற்று கொஞ்சம்கூட அசையவில்லை. தூரத்தில் எங்கோ பாறைக்கு அடியில் தண்ணீர் ஓடுவதுபோல் அவள் காதுக்குக் கேட்டது. அந்தச் சீமையிலே ஓடுவதற்குத் தண்ணீர் ஏது?

"உங்க பாஷையில அவர்கிட்ட என்ன சொன்ன?" என்று மியசெயின் கேட்டாள்.

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் தங்கமணி இந்த முறை ஒரு வார்த்தைகூட விடாமல் பர்மிய மொழியில் சொன்னாள். தான் யார் என்பதையும் சொன்னாள்.  கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் கூட்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் மகன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய் நாலு வருஷமாச்சு. இந்தச் சாலை வழியாத்தான் திரும்பி வரணும். ஆகோஜீய நம்பித்தான் அனுப்பினேன். தங்கச்சி, அவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் மட்டும் இவர இருக்கச் சொல்லு. கொஞ்ச நாள்தான். நீ சொன்னா அவர் கேப்பார்."

தங்கமணி அவள் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அவ்வளவுதான்க்கா கேட்டேன்," என்றாள். "தை வரைக்கும்."