ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்ப்ரே அடித்த செல்வம் அண்ணன்

இது அப்பாவின் அக்கவுன்ட். எழுதுவது அவர் மகள் யாழினி, பதினொன்றாம் வகுப்பு. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதப் போகிறேன்.

செல்வம் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார்.

செவிலிமேடு போகும் வழியில் கார் பெயின்ட் கடை வைத்திருந்தாரே, அவர்தான். எந்த காரில் கீறல் விழுந்தாலும் அதே கலரைக் கலக்கி ஸ்ப்ரே அடித்துக் கொடுப்பார். அப்பாவை விடச் சின்னவர்.

மூச்சுத் திணறுகிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களாம். அவ்வளவுதான்...

எனக்குப் பயமாக இருக்கிறது. காரணத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கும் கொஞ்ச நாளாக இருமல். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் பெயின்ட் அடிக்கும் ஏர்பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

நான் பிளாஸ்டிக் விமான மாடல்கள் செய்வது என் ஃபிரெண்ட்ஸுக்குத் தெரியும். ரஷ்யப் போர் விமானங்கள் மட்டும்.

மிக்-21 காக்பிட்டின் உள்ளே ஒரு நீலப்பச்சை இருக்கும். விமானி பதறாமல் இருப்பதற்காக அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதற்கென்றே வரும் வெளிநாட்டு பெயின்ட்டை ஆர்டர் செய்தேன். தீப்பற்றும் சரக்கு, அனுப்ப முடியாது என்று கேன்சல் செய்துவிட்டார்கள்.

அதனால் மயில் கழுத்து நிறப் பட்டுத் துணி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு செல்வம் அண்ணன் கடைக்குப் போனேன். பிள்ளையார்பாளையத்தில் எங்களைப் போலத் தறி நெய்யும் வீடுகளில் நிறம் என்றால் பட்டுத் துணியைத்தான் எடுத்துக் காட்டுவோம்.

வெகு நேரம் கலக்கினார். மூடியைத் திறந்தால் நல்ல நீலம்.

"இன்னாண்ணா இது? நான் பச்சைதான கேட்டேன்."

"துணியைப் பாருமா. நீலமாத்தான இருக்குது."

"பச்சைண்ணா!"

"போய் கண்ணு டெஸ்ட் பண்ணிக்கினு வாமா."

நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அவருக்கு நீலம். இந்தப் பக்கம் நின்ற எனக்குப் பச்சை.

துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க ஊட்ல ஒரே கலர்ல ஒண்ணுமே நெய்ய மாட்டீங்களா?" சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி... நிற்கவே இல்லை. அன்று எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

மறுபடி கலக்க ஆரம்பித்தபோது, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டை வாங்கிக்கொள் என்றுதான் அவர் சொன்னார். அதில் நாற்றம் கிடையாது. ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். தின்னர் கலந்த லாக்கர் பெயின்ட் அப்படியில்லை. புகை மாதிரி பறந்து போய்க் கண்ணாடி மாதிரி படியும்.

நான் லாக்கரைத்தான் கேட்டேன். அவர் உடனே கொடுக்கவில்லை.

"எங்க வெச்சி அடிக்கிற?"

"பின்ரூம்லண்ணா. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கினு."

"சாத்திக்கினா? ஏன்?"

"முன்னாடி தறியில பாவு இருக்குது. இந்தப் புகை போய் பட்டு மேல உக்காந்தா புடவையே வீணாயிடும்."

கலக்கிக்கொண்டிருந்த குச்சி நின்றது. "பட்டு பொழைச்சிக்கும். நீ?"

"நீங்க மட்டும் ஷட்டரை இறக்கிட்டு உள்ளயே நின்னு அடிக்கிறீங்க?"

"ரோட்டு தூசி வந்து ஈர பெயின்ட்ல ஒட்டிக்கும்மா. கஸ்டமர் திட்டுவான்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பாட்டிலை வாங்கி வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் அடித்தேன்.

இன்று சாயங்காலம் அம்மாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். விரல் நகங்களின் ஓரத்தில் சில்வர் பெயின்ட் இன்னும் இருந்தது.

மாரடைப்பு என்றார் ஒருவர். நுரையீரல் என்றார் இன்னொருவர். "எல்லாம் அந்த பெயின்ட் புகைதாம்பா" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதக் கூடாது.

அப்போது எனக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தேன், அடங்கவில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

பெட்டி மேல் தலை சாய்த்திருந்த கலா அக்கா நிமிர்ந்தார். செல்வம் அண்ணன் மனைவி.

"நீதான அந்த ஏரோப்ளேன் பொண்ணு? இன்னுமா கதவை சாத்திக்கினு அடிக்கிற? அவரு ஊட்டுக்கு வந்து அதையே சொல்லிக்கினு இருந்தாரு. அந்தப் பொண்ணு கேக்கவே மாட்டேங்குது கலான்னு..."

அம்மா என்னைப் பார்த்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடு வரும்வரை என் மணிக்கட்டை விடவே இல்லை. கை வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் என் முதுகில் காதை வைத்தார். "மூச்சை இழு. விடு. இன்னொரு வாட்டி இழுமா." அம்மாவுக்கு அதில் என்ன தெரியும்? கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கணும்" என்றார் அப்பாவிடம். "தறியில இன்னைக்குப் போட்ட வேலை அப்படியே கெடக்கட்டும்."

அப்பா சரி என்று மட்டும் சொன்னார். கேட்காமலேயே போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எக்ஸ்ரேயில் என்ன வரும் என்று தெரியவில்லை. நெட்டில் தேடிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்... பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

செல்வம் அண்ணா, நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. போய் வாருங்கள் அண்ணா.

இன்று என்னைத் தன் பக்கத்திலேயே படுக்கச் சொல்லிவிட்டார் அம்மா. என் முதுகில் கை வைத்திருக்கிறார், தூங்கவில்லை. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டார்கள்.