அத்திப்பள்ளியில் ஒரு கிளாஸ் ராகி பீர், போச்சம்பள்ளியில் ஒரு காப்பகம்

வேண்டிய மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது. ஆறு வருடமாக மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தை இந்தப் பயணக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். ஓசூரிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்கு இதில் பேருந்து விவரங்களும் உண்டு. என் வயிற்றெரிச்சலும் உண்டு. எது தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு ஒரு தம்பி. இங்கே அவன் பெயர் கோபி. உண்மைப் பெயர் வேறு. மனைவியின் பிறந்த வீடு தொரப்பள்ளிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இருமல் மருந்து வாங்கினால்கூட பாட்டிலைத் திருப்பி அதில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்கிற குடும்பம். அவர்களைப் பொறுத்தவரை கோபி கால்நடைத் தீவன வியாபாரி. உண்மையில் அவன் கர்நாடக எல்லைக்குள், அத்திப்பள்ளியைத் தாண்டி, சின்னதாக ஒரு பீர் ஆலை நடத்துகிறான். அங்கேயே காய்ச்சி, அங்கேயே மேசை போட்டு ஊற்றிக் கொடுக்கும் இடம். தீவனம் என்பதும் முழுப் பொய் இல்லை. பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் மால்ட் சக்கையை மாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறான். ஆலையின் லாபம் மொத்தமும் தர்மத்துக்குப் போகிறதாம். அவனுக்கென்ன, ஓசூரில் மூன்று மாடிக்கு வாடகை வருகிறது.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றால், நான் வேதியியல் முதுகலை. ஆலை தொடங்கும்போது அங்கே உள்ள தண்ணீர் பீருக்கு ஆகுமா என்று பரிசோதித்துச் சொன்னவன் நான். "அக்காகிட்டகூட சொல்லிடாதீங்க மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். சொல்லவில்லை. திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. கேட்டால், "நீங்க வந்தா அக்காவும் வரும்னு பயந்தேன் மாமா" என்றான்.

இதைக்கூடப் பொறுத்தேன். போன மாதம் மனைவியின் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தில் அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். "வாயில்லா ஜீவனுக்குச் சோறு போடுற பையன்" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. நான் அந்த நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடம் தரக்கட்டுப்பாட்டுத் துறையில் இருந்தவனுக்கு அந்தக் குடும்பம் கண்டுபிடித்த வேலை அது.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஆலையைப் புகைப்படம் எடுப்பது. தர்மம் என்று அவன் சொல்வது கட்டுக்கதை என்று நிரூபிப்பது. இரண்டையும் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் பெங்களூர் வண்டி ஏறினேன். அத்திப்பள்ளி எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் சோதனைச் சாவடி நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆனது. டிக்கெட் இருபது ரூபாய். லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு இரண்டு மாநிலங்களின் வெயிலையும் ஒரே நேரத்தில் அனுபவிக்கலாம்.

அத்திப்பள்ளியில் ஆட்டோக்காரரிடம் பீர் ஆலையின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து ஆட்டோவைத் தெலுங்கில் கேட்டார், அவர் இன்னொருவரைக் கன்னடத்தில் கேட்டார், கடைசியில் பதில் தமிழில் வந்தது.

"மாட்டுக்கு சக்கை குடுக்கற எடமா? அப்டி சொல்லுங்க சார். பீருன்னா யாருக்குத் தெரியும்?"

நூற்றிருபது கேட்டார், நூறுக்கு வந்தார். ஒரு கியர் தொழிற்சாலைக்கும் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட பெரிய ஷெட். வாசலில் பால்காரர்களின் டெம்போக்கள் நின்றன. ஈரமான சக்கையைக் கோணிகளில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புளித்த தோசைமாவும் பழைய ரொட்டியும் கலந்த மாதிரி வாசனை. கோபியின் சட்டையில் எப்போதும் வரும் அதே வாசனை. மாமியார் இதைத்தான் உழைப்பின் வாசனை என்று சொல்வார்.

உள்ளே போனால் வேறு உலகம். செம்புத் தொட்டிகள், குளிர்ந்த காற்று, பெங்களூரிலிருந்து வந்த கணினிப் பிள்ளைகள். சுவரில் பெரிய பலகை: நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு கிளாஸின் லாபமும் எல்லைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு. குழந்தைக் காலடித் தடங்கள் வரைந்திருந்தார்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டேன்.

சும்மா உட்கார விடமாட்டார்கள் என்பதால் ஒரு ராகி பீர் சொன்னேன். முன்னூற்றுப் பத்து ரூபாய். வீட்டில் ராகிக் கூழ் இரண்டு நாள் மறந்துபோய் அடுப்படியில் இருந்தால் என்ன சுவை வருமோ அதுதான். அதற்கு முன்னூற்றுப் பத்து. தண்ணீர் மட்டும் அருமையாக இருந்தது. அது யார் பரிசோதித்த தண்ணீர் என்று எந்தப் பலகையிலும் இல்லை.

பக்கத்து மேசைப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து உருகினான்.

"அங்கிள், நான் இன்னிக்கு மூணு குழந்தைக்கு டிஃபன் குடுத்துட்டேன்."

"எங்கே குடுத்தே?"

"குடிச்சுதான் அங்கிள்! நீங்க ஒண்ணே ஒண்ணுதானா? பாவம் அங்கிள், குழந்தைங்க." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சியர்ஸ் ஃபார் தி கிட்ஸ்!" என்று கிளாஸை என் கிளாஸில் இடித்தான். அவனுடைய தர்மத்தில் பாதி என் சட்டையில் ஊற்றியது.

பரிமாறிய பெண் துடைக்கத் துணி கொடுத்தாள். முதலாளி எங்கே என்று கேட்டேன். "சனிக்கிழமை ஓனர் இல்லி இல்லா சார். சக்கை லோடு எடுத்துட்டு போச்சம்பள்ளி கடே போவார். பேபி சென்டர்" என்றாள், கன்னடம் கலந்த தமிழில். இடத்தையும் சொன்னாள். அப்படி ஒன்று இருக்கவே இருக்காது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. சட்டையைக் காய வைக்கக்கூட நிற்காமல் கிளம்பினேன்.

ஓசூர் திரும்பி, அங்கிருந்து கிருஷ்ணகிரி, அங்கே மாறி போச்சம்பள்ளி. மொத்தம் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், மாறும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம். கிருஷ்ணகிரிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது. கூட்டத்திலும் யாரும் உட்காரவில்லை. ஜன்னல் ஓரம் நல்ல காற்று. காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

போச்சம்பள்ளியிலிருந்து எந்தத் திசை என்று எழுத மாட்டேன். காரணம் கீழே வரும். ஷேர் ஆட்டோவில் இறங்கி நடந்தால், இரும்புக் கேட் போட்ட ஒரு மஞ்சள் கட்டடம். காப்பகம் இருக்கிறது! நிஜமாகவே இருக்கிறது. உள்ளே நாற்பது பிள்ளைகளாவது இருக்கும், பாதி தூக்கத்தில், பாதி அழுகையில். வாசலில் சின்னப் பலகை: கால்நடைத் தீவன வியாபாரி ஒருவரின் உதவியுடன். பெயர்கூடப் போடவில்லை. என் ஏமாற்றத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டைத் திறந்து மூன்றடி வைத்திருப்பேன்.

"அங்கனயே நில்லுங்க!"

காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சகுந்தலா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் இங்கே தொழிற்சாலையில் வேலைக்கு வந்ததால் வந்தவர். கையில் பால் பாட்டில், இடுப்பில் ஒரு குழந்தை.

"எந்தப் பிள்ளைக்கு அப்பா நீங்க?"

"நான் அப்பா இல்லைங்க. சும்மா பார்க்க வந்தேன்."

"குடிச்சிட்டு பிள்ளையள பாக்க வந்தியளோ? வயசப் பாரு, படிச்ச மொகம் மாரி வேற இருக்கு. போர்ட வாசிக்கத் தெரியும்லா?"

கேட்டின் உள்பக்கம் எழுதியிருந்தது: குடித்துவிட்டு வருபவர் அப்பாவாக இருந்தாலும் குழந்தையைக் கொடுக்க மாட்டோம். அந்த இடத்தின் முதல் விதியே அதுதானாம். அப்போதுதான் என் சட்டையை நானே முகர்ந்து பார்த்தேன். நான்கு மணி வெயிலில் காய்ந்த ராகி பீர்.

இதற்குள் கம்பெனிப் பேருந்து வந்து தாய்மார்கள் இறங்கினார்கள். சீருடையோடு பத்துப் பதினைந்து பேர் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவள் மஞ்சுளா, கல்லாவிப் பக்கத்துப் பெண். ஒன்றரை வயது மகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மூக்கைப் பொத்தினாள்.

"இந்த நாத்தத்துக்குப் பயந்துதான் புள்ளய இங்க உடறேன். இங்கயுமாக்கா?"

"குடிக்கலம்மா. மேலே ஊத்திட்டாங்க."

"எங்க வூட்டுக்காரனும் டெய்லி அதான் சொல்றான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தக் கட்டடம், இந்தப் பால் பாட்டில், இந்தத் தொட்டில், எல்லாமே பீரில் ஓடுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். போனில் ஆதாரம் இருந்தது. ஆலைச் சுவரின் அந்தப் பலகை, குழந்தைக் காலடிகளோடு.

"ஒருவேளை," என்று ஆரம்பித்தேன், "ஒரு பேச்சுக்குச் சொல்றேன். இந்தக் காப்பகத்துக்கு வர்ற பணமே சாராயம் வித்த பணமா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

மஞ்சுளா சிரிப்பதை நிறுத்தினாள். "இப்பவே தூக்கிட்டுப் போயிடுவேன். எங்கப்பன் அதுலதான் செத்தான். இவன் அப்பன் அதுலதான் ஓடுறான். அந்தக் காசுல என் புள்ள பால் குடிக்க வேணாம்."

"வேலைக்கு?"

"நின்னுடுவேன். வேற யாரு பாப்பாங்க இவன? ஏன் சார், அப்டி எதுனா இருக்கா?"

மற்றவர்களும் சிரிப்பை நிறுத்தி என் வாயையே பார்த்தார்கள். சகுந்தலா இடுப்புக் குழந்தையை இறுக்கிப் பிடித்தார். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. மஞ்சுளாவின் தோளிலிருந்த பையன் என் சட்டைப் பொத்தானை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மட்டும் வாசனை பிடித்திருந்தது போல.

"ஒண்ணுமில்லை" என்றேன். ஆறு வருடத்தில் இரண்டாவது முறையாக வாயை மூடிக்கொண்டேன். முதல் முறை அவன் கையைப் பிடித்துக் கேட்டான். இந்த முறை யாரும் கேட்கவில்லை.

"பொறவு என்ன கேள்வி அது? போலீஸக் கூப்பிடவா?" என்றார் சகுந்தலா.

அப்போது ஒரு டெம்போ வந்து நின்றது. கோபி இறங்கினான். நான் ஒரு கிளாஸ் என்றால் அவன் ஒரு பீப்பாய். சக்கைத் தண்ணீர் முழங்கை வரை வழிந்து காய்ந்திருந்தது. காற்று அவன் பக்கத்திலிருந்து வீசியது. ஒருத்தியும் மூக்கைப் பொத்தவில்லை.

"அண்ணே, வாங்க. தண்ணி குடிங்க. வேகாத வெயில்ல தீவன லோடு ஏத்திட்டு வாரிய" என்றார் சகுந்தலா.

கோபி என்னைப் பார்த்தான். என் சட்டையைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். முகம் வெளுத்தது. நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். அவனுக்கு மூச்சு திரும்பியது.

"எங்க அக்கா வூட்டுக்காரர்தான்" என்றான். "காலைல தீவன குடோனுக்கு வந்திருந்தாரு. அந்தச் சக்கை வாசனைதான். அவரு டீகூட குடிக்க மாட்டாரு."

ஊரைக் கூட்டி உடைக்க வந்த பொய்யே என்னைக் காப்பாற்றியது. டீ விஷயம் கூடுதல் பொய். நான் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவன்.

"அட, மொதல்லயே சொல்லப்படாதா சார்?" என்று சகுந்தலா நாற்காலி போட்டார். மஞ்சுளா வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டாள். பிறகு எனக்கு அறிவுரையும் சொன்னாள்: "உங்க மச்சான் மாதிரி ஒரு மனுசன் கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும் சார்." இந்த வாக்கியத்தை நான் திருமண நாளிலிருந்து கேட்டு வருகிறேன். கும்பாபிஷேகத்தில் கேட்டேன். போச்சம்பள்ளியிலும் தப்பவில்லை.

திரும்பும்போது டெம்போவில் முன்னால் உட்கார்ந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் கோபி என் பக்கம் திரும்பினான்.

"எல்லாத்தையும் பாத்துட்டீங்களா மாமா?" என்றான்.

"பார்த்தேன். உன் ராகி பீர் கூழ் மாதிரி இருக்கு."

"தண்ணி?"

"தண்ணி நல்லாயிருக்கு."

"அதான் மாமா எல்லாரும் சொல்றாங்க" என்றான்.

இனி போக நினைப்பவர்களுக்கு. ஆலைக்குப் போங்கள். பெயரைக் கேட்காதீர்கள், சக்கை கொடுக்கும் இடம் என்று கேளுங்கள். மதியத்துக்கு முன்பே போனால் மேசை கிடைக்கும். மாம்பழ பீர் நன்றாக இருப்பதாகப் பக்கத்து மேசையில் சொன்னார்கள். தர்மம் செய்து நெகிழ்ந்த இளைஞர்களிடமிருந்து இரண்டடி தள்ளி உட்காருங்கள். மாற்றுச் சட்டை ஒன்று கட்டாயம். பாட்டில் எதுவும் எல்லை தாண்டி எடுத்து வராதீர்கள். வண்டி ஓட்டி வருபவர்கள் குடிக்கவே வேண்டாம், பேருந்து இருக்கிறது. காப்பகத்தைத் தேடிப் போகாதீர்கள். அந்தப் பக்கத்தில் மஞ்சள் கட்டடங்கள் நிறைய. கட்டடத்தின் நிறத்தையும் அங்கிருந்தவர்களின் பெயர்களையும் நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

புகைப்படம் போனிலேயே இருக்கிறது. வாட்ஸாப் குழுவில் போடவில்லை. பலர் எழுதும் இந்தத் தளத்தில் நான் எப்போதும் என் பெயரோடு பட்டத்தையும் சேர்த்துப் போடுகிறவன். வேறு எங்கும் அதை யாரும் போடுவதில்லை. ஆனால் என் பெயரைப் பார்த்தால் மனைவியின் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் மச்சான் தெரியும். அவன் தெரிந்தால் தீவனத்தின் கதை தெரியும். அந்த ஊர்ப் பெண்களில் நாலைந்து பேர் அதே போச்சம்பள்ளிக் கம்பெனிப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறார்கள். திங்கட்கிழமை காலை மஞ்சுளா பையனை எங்கே விடுவாள்?

எழுதியவர் என்ற கட்டத்தில் பெயரையும் பட்டத்தையும் அடித்தேன். அழித்தேன். பெயர் இல்லாமலே பதிவிடுகிறேன். கோபிக்கு மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் நன்றி சொல்ல வீட்டுக்கு வருவான்.