டிரெயிலரில் மட்டும் வந்த முகம்

1973ஆம் வருஷத்து டைரியில், பொங்கல் கழிந்து வந்த முதல் சனிக்கிழமையின் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: "டூரிங் டாக்கீஸ், முதல் ஆட்டம். இடைவேளையில் மூன்று டிரெயிலர். ஒன்று: சண்டை அதிகம், கதை பிடிபடவில்லை, போகலாம். இரண்டு: பாட்டு முழுவதையும் போட்டுவிட்டார்கள், இனிப் படம் எதற்கு? மூன்று: அண்ணன்."

மூன்றாவதற்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீடு பென்னலூரில். படங்களைவிட டிரெயிலர்களைப் பற்றி எழுதிவைப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். படத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவிடும். டிரெயிலரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மெட்ராஸில் ஓடி முடிந்து, காஞ்சிபுரத்திலும் ஓடி முடிந்த பிறகுதான் ஒரு படம் எங்கள் கொட்டகைக்கு வரும். 'விரைவில் வருகிறது' என்று திரையில் எழுத்து வந்தால் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் எல்லாரும் என் மேஜைக்கு வந்து எதற்குப் போகலாம் என்று கேட்பார்கள். நான் டிரெயிலரை வைத்துச் சொன்னது பெரும்பாலும் தப்பியதில்லை.

அந்த மூன்றாவது டிரெயிலர் கறுப்பு வெள்ளை. முரசு அதிர ஆரம்பித்தது. துப்பாக்கி, மாடிப்படி, ஒரு பெண்ணின் அலறல். பிறகு ஒரு மார்க்கெட். கதாநாயகன் மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் ஓடுகிறான். காமிராவை எங்கோ ஒளித்துவைத்து எடுத்திருக்க வேண்டும். சுற்றி இருந்தவர்கள் நடிகர்கள் இல்லை, மார்க்கெட்டுக்கு வந்த ஜனங்கள். அவர்களில் தோளில் கூடையோடு போன ஒருவன் நின்று, தலையை வலப்பக்கம் சாய்த்து, நேராக எங்களைப் பார்த்தான்.

என் அண்ணன்.

மறுகணம் 'யார் இவன்?' என்று பெரிய எழுத்துகள் பாய்ந்து வந்து அவன் மேலேயே விழுந்தன. கேள்வி படத்தில் வரும் கொலைகாரனைப் பற்றியது. பக்கத்தில் இருந்தவர் முறுக்கை நீட்டினார். அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அண்ணன் நான்கு வருஷங்களுக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன். அடுத்த வருஷம் அப்பா இறந்தார். பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம். தெரிந்த லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினோம். அவன் வரவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா, இருந்தால் அப்பா போனது அவனுக்குத் தெரியுமா, தெரிந்துமா வராமல் இருக்கிறான் என்ற இந்தக் கேள்விகளோடுதான் அம்மா தினமும் எழுந்தாள், படுத்தாள்.

எங்கள் வீட்டில் உண்மையான சினிமாப் பைத்தியம் அம்மாதான். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போதே சுவரில் புதுப் போஸ்டர் இருக்கிறதா என்று பார்ப்பாள். அண்ணன் போனதும், அவன் திரும்பி வரும்வரை சினிமா பார்ப்பதில்லை என்று கர்த்தருக்கு முன் பொருத்தனை செய்துகொண்டாள். தன்னிடம் விட்டுக்கொடுக்க வேறெதுவும் இல்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

நான் வந்து சொன்னபோது மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. முதலில் கேட்டது, "சாப்ட்டவன் மாரி இருந்தானா?"

"ஒடம்பு நல்லாதான் இருந்துச்சும்மா."

பிறகு சட்டையைப் பற்றிக் கேட்டாள். வெளிர்ச் சட்டை என்றேன். சட்டைப்பைக்கு மேல் கறுப்பாக ஏதோ இருந்ததையும் சொன்னேன். கரண்டி நின்றது. எங்கள் சபையில் வீட்டில் சாவு விழுந்தால் ஆண்கள் சட்டைப்பை மேல் ஒரு சின்னக் கறுப்புத் துணியைக் குத்திக்கொள்வார்கள். நானும் அப்பாவுக்காகக் குத்தியிருந்தேன்.

"கறுப்புத் துணியாடா?"

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

மறுநாள் அம்மா போதகரிடம் போய்ப் பொருத்தனையைப் பற்றிக் கேட்டாள். அவர், நீங்கள் பார்க்கப் போவது படத்தை அல்ல, பிள்ளையை, ஆகவே ஒரே ஒரு தரம் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒரு தரம் என்றதும் வீட்டில் கணக்கு வேறு விதமாகப் போனது. டிரெயிலர் என்பது மூன்று நிமிஷச் சமாச்சாரம். அதிலேயே இவ்வளவு தெரிகிறான் என்றால் முழுப்படத்தில் இன்னும் எவ்வளவு நேரம் வருவான்? டிரெயிலரில் இருப்பது படத்தில் இல்லாமல் போகுமா? அந்த ஒரு தரத்தைப் படத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா முடிவு செய்தாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சினிமா தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து எடுத்த முடிவு அது. சினிமா தெரியாதவர்களாக இருந்திருந்தால் அன்று மாலையே ஓடியிருப்போம்.

டிரெயிலர் அந்த வாரம் முழுதும் எங்கள் கொட்டகையில் ஓடியது. நான் தினமும் போனேன். ஓரிரு நாள் அது துணி என்றே நம்பினேன். வேறு நாள் பிலிமில் விழுந்த கறை என்று தோன்றியது. கறையாக இருந்தாலும் தினமும் அதே இடத்தில்தான் தெரியும். ஆகவே பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்ததில் பயன் இல்லை. படம் ஆரம்பித்த பிறகு வந்து இடைவேளையோடு போய்விடும் என்னைப் பார்த்து ஆபரேட்டர், "இன்னா வாத்யாரே, டிரெயிலருக்கா டிக்கெட்டு வாங்கறே? சொல்லியிருந்தா படத்த நிறுத்திட்டு இதையே ஓட்டியிருப்பேனே" என்று கிண்டல் செய்தார். காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

ஈஸ்டர் முடிந்துதான் படம் வந்தது. அம்மா சபைக்குப் போகும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஆபரேட்டர் எங்களுக்காக முன் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தார். நான்கு வருஷங்கள் கழித்துத் திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கதாநாயகன் வந்து கூட்டமே விசிலடித்தபோதுகூட அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் போனவர்களைப் பார்த்தாள். டீக்கடையில் உட்கார்ந்தவர்களை, ரயிலில் இருந்து இறங்கியவர்களை, கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தவர்களை எல்லாம் ஒருவர் விடாமல் பார்த்தாள்.

மார்க்கெட் வந்தது. கதாநாயகன் ஒரு பக்கம் நுழைந்தான், முரசு அடித்தது, மறுபக்கம் வெளியே வந்துவிட்டான். நடுவில் ஓடிய ஓட்டம் இல்லை. கூடைக்காரன் இல்லை.

"இன்னும் வருமாடா?"

"வரும்மா."

வரவில்லை. 'வணக்கம்' போட்டு விளக்கையும் போட்டார்கள். எல்லாரும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்கள். அம்மா வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமலே, "எங்கடா அவன்?" என்றாள். வாழ்க்கையில் எனக்குப் பல அதிர்ச்சிகள் வந்திருக்கின்றன. அப்பா இறந்த செய்தியையும் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். ஆனால் கண்ணால் பார்த்த ஒன்று இருந்த இடமே தெரியாமல் இல்லாமல் போனது அன்றுதான். ஒரு வாரம் முழுக்க நான் கனவுதான் கண்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஆபரேட்டர் ஓடி வந்தார். தான் ஒரு துண்டும் வெட்டவில்லை என்று தன் தாய் மேல் சத்தியம் செய்தார். பிறகு நான் படித்ததையெல்லாம் கூட்டிப் பார்த்து ஊகித்தது இது: படம் முழுதாகத் தொகுக்கப்படுவதற்கு முன்பே டிரெயிலரை வெட்டி ஒட்டிவிடுவார்கள். வழியில் போகிறவன் காமிராவையே பார்த்துவிட்டால் அந்தக் காட்சி கெட்டது. படத்தில் வைக்க மாட்டார்கள். அண்ணன் நின்று நேராகப் பார்த்ததால்தான் நான் அவனை அடையாளம் கண்டேன். அப்படிப் பார்த்ததாலேயே அவனைப் படத்திலிருந்து வெட்டியும் விட்டார்கள்.

ஆகவே அவன் இருப்பது டிரெயிலரில் மட்டும். ஆபரேட்டர் விசாரித்துச் சொன்னார்: அந்த டிரெயிலர் டப்பா கொட்டகை கொட்டகையாகச் சுற்றி, இப்போது சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் இருக்கிறது. ஆனால் அம்மாவின் ஒரு தரம் தீர்ந்துவிட்டது. போதகரிடம் மறுபடி கேட்கலாமா என்றேன். வேண்டாம் என்றாள்.

"டிரெயிலரு படம் இல்லியே. படத்துக்கு வெளம்பரம். ரோட்ல போவ சொல்லோ செவுத்துல போஸ்டரு பாக்கறேன், அதுக்கு கர்த்தர் கோச்சிக்கினாரா?"

ஒரகடம் வழியாகப் போகும் பஸ்ஸில் போனோம். அங்கே ஆட்டம் ஆரம்பித்ததும் அம்மா கொட்டகைக்கு வெளியே, வேர்க்கடலை விற்கிறவள் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கீற்று இடுக்கு வழியாக வெளிச்சம் வந்த திசையில்கூடத் திரும்பவில்லை. கடலைக்காரிக்கு வேடிக்கையாக இருந்தது. "டிக்கெட்டு வாங்கிகினு வெளிய குந்திகினு கீறியே, உள்ள ஒன் மாமியார் கீதா?" என்று கேட்டாள். அம்மாவும் சிரித்தாள்.

இடைவேளை மணி அடித்ததும் அவளை உள்ளே கூட்டிப்போனேன். முரசு, துப்பாக்கி, மாடிப்படி, அலறல் எல்லாம் வந்தன. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மார்க்கெட். ஓட்டம். கூடையோடு ஒரு முதுகு. அந்த முதுகு நின்றது, தலை சாய்ந்தது, திரும்ப ஆரம்பித்தது, திரை ஒருமுறை குதித்தது, 'யார் இவன்?' என்ற எழுத்து வந்துவிட்டது. அதற்கு அடியில் யாரும் இல்லை.

முகம் வரவில்லை. சட்டைப்பை வரவில்லை. அம்மாவின் நகம் பதிந்த இடம் எனக்கு மறுநாளும் வலித்தது.

அந்தக் கொட்டகை ஆபரேட்டர் வயதானவர். அந்த இடத்தில் பிலிம் நைந்துவிட்டது என்றார். கொட்டகைக்குக் கொட்டகை அங்கேதான் அறுந்திருக்கிறது. ஒவ்வொரு தரமும் கிழிந்ததை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டி ஓட்டியிருக்கிறார்கள். இவர் வெட்டிய துண்டு குப்பையோடு போய்விட்டது. அம்மா அவரிடம் கேட்டாள்:

"அந்தத் துண்டுல ஒரு ஆளு இருந்தாம்பா. அவன் பாக்கெட்டாண்ட கறுப்பா இன்னாவாச்சும் குத்தியிருந்தானா?"

"நான் ஈரோவையே பாக்கறதில்ல யம்மா. மெஷின்ல லைட்டு எரியுதான்னுதான் பாப்பேன்."

சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். கொட்டகையில் மறுபடி படம் ஆரம்பித்துப் பாட்டு ஒன்று கேட்டது. அம்மாவுக்குப் பிடித்தமான பாட்டுக்காரரின் குரல். அவள் பாட்டு எட்டாத தூரத்துக்கு நடந்து போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"தோளு அவன்துதான்" என்றாள். "அப்டிதான் சாச்சிகினு நிப்பான். உசிரோட கீறான். மீதிய அவனே வந்து சொல்லட்டும்."

அவன் வரவில்லை. பின்னாளில் பக்கத்து வீட்டில் டி.வி. வந்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் தெருவே அங்கே கூடியபோது அம்மா எங்கள் வாசலில் தனியாக உட்கார்ந்து அரிசி புடைத்தாள். 1986இல் இறக்கும்வரை பொருத்தனையை அவள் முடித்துக்கொள்ளவில்லை. அவளுக்காக நான் குத்திக்கொண்ட கறுப்புத் துணி ஒருநாள் கண்ணாடியில் பட்டபோது, டிரெயிலரில் கண்ட கறுப்பு இந்த அளவுதான் இருந்தது என்று தோன்றியது. ஆனால் பதின்மூன்று வருஷங்களுக்குப் பின் தோன்றியதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சி படத்தில் இல்லை; இன்னொரு பிரதியையும் பார்த்துவிட்டேன். எடுத்த இடம் கொத்தவால் சாவடியாக இருக்கலாம். அங்கே வேலை செய்த இருவர் அந்த வரிசைக் கடைகளைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு அப்படித்தான் சொன்னார்கள். எடுத்த நாள் அப்பா இறப்பதற்கு முன்பா பின்பா என்று தெரியவில்லை. அந்த டிரெயிலரின் வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை. அண்ணனின் சட்டைப்பை மேல் இருந்தது துக்கத் துணியா, பிலிமில் விழுந்த கறையா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.