வெட்டாத கேசட்

ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது லாய்ட் ஹெப்னர் வாயைத் திறந்தது வாழ்நாளில் இரண்டே தடவை. முதல் தடவைக்கு நண்பனின் காது போயிற்று. இரண்டாவது தடவைக்கு லாய்டுடைய முன்பற்கள் மூன்று போயின. பற்களைப் பற்றி அவன் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை.

பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் குப்பை லாரி ஓட்டுகிறவன் அவன். நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகி முறிந்தவன், ஆள் கனம், பேச்சு குறைவு. கோடை வந்தால் வருஷத்து விடுப்பு முழுவதையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு டின் ஆர்ச்சர்ட் என்ற இசைக்குழுவின் பின்னால் ஊர் ஊராகப் போய்விடுவான். அந்தக் குழு ஒரு பாட்டை இன்று வாசித்த மாதிரி நாளை வாசிக்காது. ஆறு நிமிடப் பாட்டு சில நாள் முப்பது நிமிடம் போகும், எங்கே போய் முடியும் என்று மேடையில் நிற்பவர்களுக்கே தெரியாது. "ஒரே சினிமாவ இருநூறு தடவ பாப்பியாடா?" என்று அண்ணன் கிண்டல் செய்தான். "யாரு சாவான்னு தினம் மாறும்னா பாப்பேன்" என்றான் லாய்ட்.

அந்தக் குழுவின் பின்னால் அலைகிற எங்கள் கூட்டத்தில் பதிவுக்காரர்கள் தனி ஜாதி. கச்சேரியைப் பதிவு செய்துகொள்ளக் குழுவே இடம் ஒதுக்கித் தந்திருந்தது. மேடை ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஒலிப்பலகைக்குப் பின்னால், பன்னிரண்டு அடிக் கம்பங்களின் உச்சியில் மைக்குகளைக் கட்டி நாற்பது ஐம்பது பேர் நிற்பார்கள். விற்கக் கூடாது, கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது, ஒரு நொடியைக்கூட வெட்டக் கூடாது. முன்பின் தெரியாதவன் காலி கேசட்டையும் திரும்பி வரத் தபால்தலையையும் உறையில் போட்டு அனுப்பினால் நகல் எடுத்து அனுப்பியே ஆக வேண்டும். இதற்கெல்லாம் மேலான சட்டம் ஒன்று உண்டு. மைக் பக்கத்தில் வாய் திறக்கக் கூடாது, எந்தச் சத்தமும் கூடாது.

இந்தச் சட்டத்தை லாய்ட் மூக்கால் கற்றுக்கொண்டான். 1985இல் ஒரு கச்சேரியில் ஆனந்தம் தாங்காமல் கை தட்டினான். தட்டியது நெட் ஸ்வோபோடாவின் மைக்குக்கு நேர் கீழே. நெட் அப்போது ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த நோஞ்சான். பாட்டு முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, கருவியை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, லாய்டின் மூக்கில் ஓங்கி ஒரு குத்து விட்டான். ரத்தம் கொட்டியது. லாய்ட் அவனைத் தூக்கிப் புல்தரையில் அடித்தான். இரண்டு பேரும் உருண்டு எழுந்து மூச்சு வாங்கியபோது நெட் சொன்னான்: "கை தட்டுறதுன்னா வீட்ல போய்க் கேசட்டப் போட்டுத் தட்டு. நகல் வேணுமா?" அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் இருவரும் ஒரே காரில் போனார்கள். மைக் நெட்டுடையது, பதிவுக் கருவி லாய்டுடையது. ஒருத்தன் இல்லாமல் மற்றவனுக்குப் பதிவு இல்லை.

கதை நடந்தது 1997 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு மணி வெயிலில் திறந்தவெளிக் கச்சேரி. வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில் காலையிலிருந்தே சந்தை கூடியிருந்தது. சீஸ் வைத்து வாட்டிய ரொட்டி, சாயம் தோய்த்த சட்டை, தாளக் கருவிகள். அதோடு அந்த வருஷம் வேறொரு கூட்டமும் சேர்ந்திருந்தது. பல் வைத்தியர்கள் மயக்கம் கொடுக்கிற சிரிப்பு வாயுவை ஆளுயர சிலிண்டரில் கொண்டுவந்து பலூனில் அடைத்து விற்கும் பயல்கள். பாட்டுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று வந்தவர்கள். இடுப்பில் இரும்புக் குழாய் செருகியிருப்பார்கள்.

ஒரு பெண் பலூனை உறிஞ்சிவிட்டு நின்றபடியே விழுந்தாள். ஒரு காரின் இரும்பு விளிம்பில் நெற்றி பட்டுத் தோல் பிளந்தது. அவள் கிடக்க, சிலிண்டர் உஸ்ஸென்று அடுத்த பலூனை ஊதிக்கொண்டிருந்தது. நெட் போய்த் திருகை மூடினான்.

"கைய எடு" என்றான் சிவப்புத் தொப்பி போட்டவன். அந்தக் கும்பலுக்கு அவன்தான் தலைவன்.

"அந்தப் புள்ள மண்ட ஒடஞ்சு கெடக்குது, கண்ணு தெரியலயா உனக்கு?"

"விழுந்தது அவ. எனக்கென்ன?"

நெட் சிலிண்டரை எட்டி உதைத்தான். அது சாய்ந்து சிவப்புத் தொப்பியின் பாதத்தில் விழுந்தது. குழாய் வீசப்பட்டது. நெட்டின் புருவம் கிழிந்தது. இன்னொருவன் விலாவில் உதைத்தான். லாய்ட் ஓடிவந்து இரண்டு பேரைத் தோளால் மோதித் தள்ளி, நெட்டைக் கக்கத்தில் இடுக்கி இழுத்துக்கொண்டு வந்தான்.

"உள்ளதான வருவ? அங்க வந்து பாத்துக்கிறேன்டா உன்ன" என்று பின்னாலிருந்து கத்தினான் சிவப்புத் தொப்பி. லாய்டின் காதில் அது நன்றாகவே விழுந்தது.

"போலீஸ்கிட்ட சொல்லலாம்டா" என்றான் நெட், புருவத்தைத் துணியால் அழுத்தியபடி.

"நாலு மணிக்கு ஆரம்பிச்சிருவாங்க. கம்பம் இன்னும் நடல. வா மொதல்ல."

அந்த அவசரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒன்பது வருஷமாக வாசிக்காத பாட்டை அன்றைக்கு வாசித்தார்கள். 'அணை திறந்த நாள்' என்று பாட்டுக்குப் பெயர். அதன் நடுவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஒரு ஜால்ராவின் விளிம்பை மட்டும் விரலால் தேய்க்கிற ஓர் இடம் வரும். இருபதாயிரம் பேர் இருமாமல் நிற்பார்கள். அந்த இடம் நல்ல பதிவாக எவனிடமும் இல்லை. நெட் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். லாய்ட் தரையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, ஒலிமானியின் முள்ளைப் பார்த்தபடி மூச்சை அடக்கியிருந்தான்.

"லாய்ட்!"

வலது காதில் தெளிவாக விழுந்தது. மைக் வழியாக வந்த குரல். நெட்டின் குரல்தான் என்று தெரிந்தது. தெரிந்தும், முள் துள்ளியதைத்தான் லாய்ட் பார்த்தான். திரும்பாமலே கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலை ஆட்டினான். "உஷ்" என்றான்.

"லாய்..."

பாதியில் அறுந்தது. ஈர மூட்டையைத் தரையில் போடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்னும் நாலைந்து. எல்லாம் சேர்ந்து பதினொரு நொடி. எந்தக் குடிகாரனோ என்று மற்றப் பதிவுக்காரர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். நாற்பது பேரும் வாய் திறக்காதவர்கள். ஜால்ரா அடங்கி, கிட்டார் எழும்பி, கூட்டம் வெடித்துக் கத்தியபோதுதான் லாய்ட் திரும்பினான். ஏழடி தூரத்தில் வேலியோரமாக நெட் கிடந்தான். தாடை ஒரு பக்கமாக விலகியிருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகப் புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பாட்டில் இரண்டும் கையிலேயே இருந்தன.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். இடது காது கேட்காது என்றார்கள். அடித்தவர்கள் அகப்படவில்லை.

"அவன் ஹெட்போன் போட்டிருந்தான். அவனுக்குக் கேக்கல" என்று நெட் எல்லாரிடமும் எழுதிக் காட்டினான். அவனுடைய மனைவி மார்லா அதை நம்பினாள். போலீஸும் நம்பியது. லாய்டுக்கு அதுதான் நெருப்பாக இருந்தது. ஹெட்போன் மைக்கோடு சேர்ந்தது, அதை மாட்டினால் கூடத்தான் கேட்குமே தவிரக் குறையாது. பதிவுக்காரன் எவனுக்கும் தெரியும். நெட்டுக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனான். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினான்.

உறைகள் வர ஆரம்பித்தன. அந்தப் பாட்டு நல்ல பதிவாக லாய்டிடம் இருக்கிறது என்று நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. காலி கேசட், தபால்தலை, "தயவுசெய்து". அறுபது உறை வரை சேர்ந்தது. அவன் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அப்புறம் வசவுகள் வந்தன. "பிணத்து மேல உக்காந்த கழுகே" என்று ஒருவன் எழுதினான். "உன் பதிவு டெக்கை உன் தலையிலேயே போட்டு உடைக்க வருகிறோம்" என்று ஓஹையோவிலிருந்து நாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சொன்னபடி யாரோ அவன் காரின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டும் போனார்கள். பாட்டுக் கேட்கிறவர்கள் சாது என்று சொல்கிறவனை என்னிடம் அனுப்புங்கள்.

அந்தப் பதினொரு நொடியை வெட்டிவிட்டால் போதும், நகல் அனுப்பிவிடலாம். வெட்ட உட்கார்ந்தான். வெட்டுவதற்குக் கேட்க வேண்டுமே. கேட்டான். தன் "உஷ்" இவ்வளவு நிதானமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வெட்டாமலே எழுந்து போய்க் குளிர்பெட்டிக் கதவில் குத்தினான். தகரம் குழியும்வரை, விரல் முட்டிகள் கிழிந்து எலும்பு தெரியும்வரை குத்தினான். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு லாரி ஓட்டினான்.

நவம்பரில் இன்னோர் உறை வந்தது. இரண்டு காலி கேசட், திரும்பி வரத் தபால்தலை, விலாசம் எழுதிய சீட்டு. முன்பின் தெரியாதவன் கேட்கிற முறையில் அப்படியே. அனுப்பியவர் நெட் ஸ்வோபோடா. கீழே ஒரே வரி: "முழுசா வேணும். வெட்டாம."

பன்னிரண்டு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவன் தபால்தலை வைத்து அனுப்பியிருக்கிறான். லாய்ட் சமையல் மேஜையில் உட்கார்ந்து அழுதான். அப்புறம் நகல் எடுத்தான், வெட்டாமல். காகிதம் எடுத்து ஏதாவது எழுதப் பார்த்தான், ஒரு சொல்லும் வரவில்லை. கேசட்டை மட்டும் அனுப்பினான். பதில் வரவில்லை. குளிர்காலம் போயிற்று, வசந்தமும் போயிற்று.

அடுத்த ஆகஸ்ட். அதே மைதானம். லாய்ட் தனியாகக் கம்பம் நட்டான். உச்சியில் நெட்டின் மைக்குகள். அவன் திருப்பிக் கேட்கவும் இல்லை, இவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முகமும் இல்லை. மாலை ஐந்து மணி இருக்கும். மெதுவான ஒரு பாட்டு. பின்னால் செருப்புகள் ஓடுகிற சத்தம் ஹெட்போனில் கேட்டது. "ஐயோ, விடுங்கடா!" என்று ஒரு குரல். சீஸ் ரொட்டி விற்கும் தாடிக்காரனுடைய குரல். சிலிண்டரைத் தன் கடை பக்கத்தில் வைக்கக் கூடாது என்றிருக்கிறான், அதே சிலிண்டர்ப் பயல்கள் அவனை அடித்துத் துரத்திக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள்.

லாய்டின் கை பழக்கத்தில் தலைக்கு மேல் எழுந்தது. பாதியில் நின்றது.

ஹெட்போனைப் பிய்த்தெறிந்துவிட்டு எழுந்தான். இருநூற்று முப்பது கச்சேரிகளில் திறக்காத தொண்டையைத் திறந்து அவன் போட்ட கூச்சலில் மேடையில் டிரம்காரனே நிமிர்ந்து பார்த்ததாகச் சொல்கிறார்கள். கம்பத்தைப் பிடுங்கினான். கம்பி தொங்க, உச்சியில் மைக் இருக்க, அப்படியே சுற்றி வீசினான். சிவப்புத் தொப்பியின் கன்னத்தில் மைக் இறங்கி நொறுங்கியது. இரண்டாவது வீச்சில் இன்னொருவனின் முழங்கை முறிந்தது. குழாய் ஒன்று லாய்டின் வாயில் பட்டது. பற்களைத் துப்பிவிட்டு மறுபடி வீசினான். இன்னொரு குழாய் தோளெலும்பை உடைத்தது. அவன் முட்டி போட்டபோது, சுற்றி நாற்பது கம்பங்கள் தரையிலிருந்து பிடுங்கப்படுகிற சத்தம் கேட்டது. பதிவுக்காரர்கள் எல்லாரும் கத்திக்கொண்டு வந்தார்கள். சிலிண்டர்ப் பயல்கள் நாலு பேரையும் போலீஸ் வந்து மீட்க வேண்டியிருந்தது. அதில் இரண்டு பேரைத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு நெட் வந்தான். தாடை கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. கட்டிலின் இடப்பக்கம் உட்காரப் போனவன், வலது காது லாய்டின் பக்கம் வரவேண்டும் என்று மறுபக்கம் போய் நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

"என் மைக்க ஒடச்சிட்ட."

"ஒடச்சிட்டேன்" என்றான் லாய்ட். பல் இல்லாமல் காற்றுத்தான் வந்தது.

"கேசட் ஓடிச்சா?"

லாய்ட் மேஜையைக் காட்டினான். யாரோ கருவியைப் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நெட் ஹெட்போனின் ஒரு பக்கத்தை வலது காதில் அழுத்திக்கொண்டு போட்டான். மெதுவான பாட்டு. ஓடுகிற செருப்புகள். ரொட்டிக்காரனின் கதறல். அப்புறம் லாய்டின் கூச்சல், முள் எட்டாத உயரத்தில்.

"நெட்! நெட்! நெட்!"

தான் கத்தியது இந்தப் பெயரை என்று லாய்டுக்கே அதுவரை தெரியாது. ஹெட்போனுக்கு வெளியிலும் கசிந்து வந்தபோதுதான் கேட்டான்.

நெட் கருவியை நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டான்.

"ஒரு வருஷம் லேட்டா கூப்பிட்டிருக்கடா" என்றான்.

"ஆமா."

நெட் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, மறுபடி போட்டு, வலது காதில் அழுத்திக்கொண்டான். பையிலிருந்து ஒரு காலி கேசட்டை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தான். தபால்தலை வைக்கவில்லை.